அக்காவின் லேப்டாப்பும் ஐந்து ஊர் வைஃபையும்

"வீட்ல மட்டும் நெட் வரமாட்டேங்குதுடா. ஆபீஸ்ல வருது, தேனில அத்தை வீட்ல வருது, என் வீட்ல வரல."

மதுரையிலிருந்து அக்கா போன் செய்தபோது முதலில் சொன்னது இதுதான். அவள் ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறாள். மாதம் 20ஆம் தேதி நெருங்கினால் இரவு பத்து, பதினொன்று வரை வீட்டில் உட்கார்ந்தும் வேலை பார்க்க வேண்டும். மூன்று வாரமாக அது நடக்கவில்லை. நெட் கனெக்‌ஷன் கொடுத்தவர்கள் ஆள் அனுப்பினார்கள். அவர் தன் போனில் சோதித்து, லைன் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பக்கத்துக் கடையில் வைஃபை கார்டு மாற்ற வேண்டும் என்றார்களாம். இன்னொருவர் ஃபார்மேட் அடிக்கச் சொல்லியிருக்கிறார். ஃபார்மேட் என்றதும்தான் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"அப்ப ராத்திரி வேலையெல்லாம் எப்படிக்கா பார்த்த?"

"போன் நெட்லதான். அதுவும் ஹாட்ஸ்பாட் போட்டா வராது. போனை யுஎஸ்பி கேபிள்ல மாட்டி, அதுல டெதரிங்னு ஒண்ணு இருக்குல்ல, அதைப் போட்டா வருது."

எனக்குப் பாதி விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது. அதே போன், அதே சிம், அதே லேப்டாப். காற்றில் போனால் வரவில்லை, கேபிளில் போனால் வருகிறது. கேபிளில் மாட்டும்போது விண்டோஸ் அந்தப் போனைத் தனியாக ஒரு நெட்வொர்க் கார்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். வைஃபை கார்டின் செட்டிங் எதுவும் அதைத் தொடாது. கார்டு பழுது என்றால் ஆபீசில் எப்படி வேலை செய்யும்? ஆக, கார்டு நன்றாக இருக்கிறது, அதன்மேல் யாரோ ஏதோ எழுதி வைத்திருக்கிறார்கள். ஃபார்மேட் வேண்டாம், எதையும் தொடாதே, சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

சனிக்கிழமை காலை திருச்சியிலிருந்து பஸ். போய் உட்கார்ந்ததும் கட்டளை அடிக்கும் திரையான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, நெட் விவரங்களைக் காட்டும் ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல் அடித்தேன். நெட் பிரச்சினை என்று யார் சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மூலையில் இருக்கும் வைஃபை படம் இணைந்திருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். இது லேப்டாப் தன்னை யாரென்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லும். வைஃபை பகுதியில் இருந்தது இவ்வளவுதான்:

டிஹெச்சிபி எனேபிள்டு: நோ
ஐபி முகவரி: 192.168.1.45
சப்நெட் மாஸ்க்: 255.255.255.0
டிஃபால்ட் கேட்வே: 192.168.1.1
டிஎன்எஸ்: 8.8.8.8, 8.8.4.4

டிஹெச்சிபி என்றால் ரவுட்டரிடம் எண்ணைத் தானாகக் கேட்டு வாங்கும் முறை. அது 'நோ' என்றால் எண்ணை யாரோ கையால் எழுதியிருக்கிறார்கள். டிஎன்எஸ் என்பது இணையதளப் பெயரை எண்ணாக மாற்றித் தருவது. என் போனை அதே வீட்டு வைஃபையில் இணைத்து அதன் விவரத்தைப் பார்த்தேன். போனுக்குக் கிடைத்திருந்தது 192.168.29.14, கேட்வே 192.168.29.1.

ஐபி எண்ணைக் கதவு எண்ணோடு சேர்ந்த தெருப் பெயராக நினைத்துக்கொண்டால் எளிது. மாஸ்க் 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் தெரு, கடைசி எண் கதவு. அக்காவின் வீடு 192.168.29 என்ற தெரு. லேப்டாப்போ தான் 192.168.1 தெருவில் 45ஆம் கதவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அந்தத் தெருவின் வாசலான 192.168.1.1ஐத் தேடிக்கொண்டிருந்தது. வைஃபை பாஸ்வேர்டு சரி, அதனால் ரவுட்டர் உள்ளே விட்டுவிட்டது. உள்ளே வந்த பிறகு வெளியே போக வாசல் இல்லை. திரையில் 'நோ இன்டர்நெட்' என்று நின்றது அதனால்தான்.

தேனியில் மட்டும் ஏன் வேலை செய்தது? அத்தை வீட்டு ரவுட்டரும் தற்செயலாக 192.168.1.1தான். வீட்டு ரவுட்டர்களில் மிகப் பரவலாக இருக்கும் எண் அது. 1996இல் வந்த விதிப்படி, வீட்டுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மூன்று வரிசைகளை ஒதுக்கியிருக்கிறார்கள்: 10இல் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை, அப்புறம் 192.168. இந்த மூன்றுக்குள் ரவுட்டர் செய்பவர்கள் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். அத்தை வீட்டில் தெருப் பெயர் பொருந்திவிட்டது, 45ஆம் கதவும் காலியாக இருந்திருக்கிறது. அங்கே ஒரு டிவியோ கேமராவோ அந்த எண்ணை வாங்கியிருந்தால் அங்கேயும் மோதியிருக்கும். தேனியில் கிடைத்த அந்த நெட்தான் எல்லாரையும் திசை திருப்பியது. இரண்டு இடத்தில் வருகிறது, ஒரு இடத்தில் வரவில்லை, அப்படியானால் அந்த ஒரு இடத்தில்தான் கோளாறு என்று நினைப்பது இயல்பு. மூன்று வாரம் வீட்டு ரவுட்டரையே அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்த 45 யாருக்கா போட்டது?"

யோசித்துச் சொன்னாள். ஆபீசில் பெரிய ஜெராக்ஸ் மெஷின் ஒன்று இருக்கிறது. கிளையன்ட் கொண்டுவரும் பில் கட்டுகளை அதில் வைத்து ஸ்கேன் கொடுத்தால், ஃபைல் நேராக அவரவர் கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டருக்குப் போய்விழும். மெஷினின் அட்ரஸ் புக்கில் அக்கா பெயருக்கு நேரே 192.168.1.45 என்று பதிந்திருக்கிறது. லேப்டாப்பின் எண் தினம் மாறினால் மெஷினுக்கு ஆளைத் தெரியாது. அதனால் ஆபீஸ் ஹார்ட்வேர் பையன் எண்ணை நிலையாகப் போட்டுக்கொடுத்திருக்கிறான். அவன் பக்கம் காரணம் சரியாகவே இருந்தது. போட்ட இடம்தான் அக்காவின் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை. அவன் பழைய கண்ட்ரோல் பேனல் வழியாகப் போய், வைஃபை அடாப்டரின் ப்ராபர்ட்டீஸில் போட்டிருந்தான். அங்கே போட்டால் அது கார்டின்மேல் எழுதியது மாதிரி. எந்த ஊர் வைஃபையில் சேர்ந்தாலும் கூடவே வரும். ஒரே இடத்தில் இருக்கும் டெஸ்க்டாப்புக்கு அது போதும். அக்கா வீடு, ஆபீஸ், தேனி, திண்டுக்கல்லில் ஒரு மில், வழியில் போன் ஹாட்ஸ்பாட் என்று ஐந்து வைஃபைக்குள் புழங்குகிறவள்.

விண்டோஸ் 11இல் வைஃபை எண்களை எழுத இரண்டு இடங்கள் இருக்கின்றன. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் வைஃபை. அங்கே 'ஹார்ட்வேர் ப்ராபர்ட்டீஸ்' என்று ஒன்று. அது கார்டுக்கானது, எல்லா வைஃபைக்கும் பொது. அதே பக்கத்தில் 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' என்று இன்னொன்று. இதுவரை சேர்ந்த ஒவ்வொரு வைஃபையின் பெயரும் அதில் வரிசையாக இருக்கும். ஒரு பெயரைத் தட்டினால் அந்த வைஃபைக்கு மட்டுமான ஐபி, டிஎன்எஸ், இன்னும் சிலதை அங்கே எழுதலாம். அந்த இடத்தில் நாம் இல்லாதபோதும் எழுதலாம்.

வேலையை ஆரம்பிக்கும் முன் பழைய எண்கள் ஐந்தையும் அக்காவின் டைரியில் எழுதவைத்தேன். திரையைப் போட்டோவும் எடுத்துக்கொண்டேன். ஆபீசில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கலைக்கப் போகிறோம், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் அங்கே இருந்தாக வேண்டும். திரும்பிப் போக வழி இல்லாமல் எதையும் அழிப்பதில்லை என்பது நான் பிடிவாதமாக வைத்திருக்கும் பழக்கம்.

முதலில் ஆபீஸ் வைஃபையின் பெயரைத் திறந்து, ஐபி அசைன்மென்ட் பக்கத்தில் பார்த்தேன். எல்லா வைஃபைக்கும் சேர்த்து ஏற்கெனவே செட்டிங் போடப்பட்டிருக்கிறது, கீழே போடுவது எடுபடாது என்ற பொருளில் ஒரு சின்ன வரி தெரிந்தது. அந்த வரியைப் பார்த்தால் வந்த வழியே திரும்பி, கார்டின் பக்கத்தில் இருப்பதை முதலில் எடுக்க வேண்டும். கார்டில் ஒன்று எழுதியிருக்கும்வரை பெயருக்குக் கீழே எழுதுவது வீண். ஹார்ட்வேர் ப்ராபர்ட்டீஸுக்குப் போய் ஐபியை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கினேன். டிஎன்எஸ் 8.8.8.8ஐ மட்டும் விட்டுவைத்தேன். கூகுளின் பொது டிஎன்எஸ்தானே, 2009இலிருந்து உலகமெங்கும் ஓடுகிறது, எந்த ஊரிலும் கிடைக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு புதன்கிழமை வரைதான் தாங்கியது.

பிறகு மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸில் ஆபீஸ் பெயர். ஐபி அசைன்மென்ட், எடிட், மேனுவல், ஐபிவி4ஐ ஆன் செய்து 192.168.1.45, 255.255.255.0, 192.168.1.1 என்று நிரப்பி சேவ். பழைய விண்டோஸ் 10இல் இதைச் செய்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அங்கே மாஸ்க் கேட்கும் இடத்தில் 'சப்நெட் பிரீஃபிக்ஸ் லெங்த்' என்று இருக்கும். 255.255.255.0 என்று எழுதினால் சேவ் ஆகாது, வெறும் 24 என்று எழுத வேண்டும். காரணம் சொல்லாமல் முடியாது என்று மட்டும் சொல்லும், ஆட்கள் அதோடு விட்டுவிடுவார்கள்.

வீட்டு வைஃபையைத் துண்டித்துச் சேர்த்ததும் 192.168.29.22 வந்தது. கூடவே நெட். அக்காவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தேன், 192.168.43இல் ஒரு எண் வந்தது, அதுவும் ஓடியது. மாமா டீ கொண்டுவந்து வைத்தார்.

ஹாட்ஸ்பாட்டைப் பார்த்ததும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அக்காவின் சிம்மில் நாளுக்கு ஒன்றரை ஜிபி. யுஎஸ்பியில் மாட்டிய இரவுகளில் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது என்றாள். போன் நெட் என்று தெரியாத லேப்டாப், வீட்டில் ஃபைபர் இருப்பதாக எண்ணி அப்டேட்டை இறக்கியிருக்கும். ஹாட்ஸ்பாட் பெயரைத் திறந்து 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்தேன். இனி அந்தப் பெயரில் இருக்கும்போது விண்டோஸ் பெரும்பாலான அப்டேட்களைத் தானாக இறக்காது, ஒன்டிரைவும் ஒத்திசைவை நிறுத்தி வைக்கும். அதே பக்கத்தில் தானாக இணையும் டிக்கையும் எடுத்துவிட்டேன். கையால் தட்டினால் மட்டும் சேரட்டும். ஆபீசில் போனில் ஹாட்ஸ்பாட்டை அணைக்க மறந்திருந்தால், லேப்டாப் ஆபீஸ் வைஃபையை விட்டு அதில் போய் ஒட்டிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு போன். "ஸ்கேன் வரலைடா. மெஷின்ல எரர் அடிக்குது. நெட் நல்லா வருது."

ஐபிகான்ஃபிக் அடிக்கச் சொன்னேன். அக்கா ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள்: 192.168.1.107. தெரு சரி, கதவு தப்பு. டிஹெச்சிபி எனேபிள்டு எஸ். நான் எழுதி வைத்த 45 எங்கே போயிற்று? கொஞ்ச நேரம் எனக்கே பிடிபடவில்லை. வைஃபை பெயரைப் படிக்கச் சொன்னபோதுதான் வெளிச்சமாயிற்று. ஆபீஸ் பெயருக்குப் பின்னால் ஒரு '5ஜி' ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டுப் பெண், அதில் வேகம் அதிகம் அக்கா என்று காலையில் சேர்த்துவிட்டிருக்கிறாள்.

அந்த 5ஜி, போன் கம்பெனி 5ஜி அல்ல. ஒரே ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் 5 கிகாஹெர்ட்ஸிலும் இரண்டு வைஃபை விடுகிறது, இரண்டுக்கும் பெயர் வேறு. மனிதர்களுக்கு இரண்டும் ஆபீஸ் வைஃபை. விண்டோஸுக்கு ஒரு எழுத்து மாறினாலும் வேறு நெட்வொர்க். நான் முதல் பெயருக்குக் கீழே எழுதியது இரண்டாவதுக்குத் தெரியாது. போனிலேயே வழி சொல்லி, 5ஜி பெயருக்கும் அதே எண்களைப் போடவைத்தேன். பத்து நிமிடம் ஆயிற்று. துண்டித்துச் சேர்த்தாள். 192.168.1.45 வந்தது.

ஸ்கேன் அப்போதும் வரவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் மனம் தளர்ந்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடுவார்கள். முகவரி சரி, வாசல் சரி. தபால்காரர் வீட்டு வாசல் வரை வந்துவிட்டார், கதவு பூட்டியிருக்கிறது என்றுதான் பொருள். விண்டோஸ் 11 புதிதாகச் சேரும் எந்த வைஃபையையும் 'பப்ளிக்' என்றே எடுத்துக்கொள்கிறது. பஸ் ஸ்டாண்டில், லாட்ஜில் இருப்பது போன்ற எச்சரிக்கை அது: வெளியிலிருந்து யாரும் இந்த லேப்டாப்பின் ஃபோல்டருக்குள் வர ஃபயர்வால் விடாது. நாம் வெளியே போகலாம், அதனால்தான் நெட் ஓடுகிறது. ஸ்கேன் மெஷினோ வெளியிலிருந்து உள்ளே வர வேண்டியது. பழைய ஆபீஸ் பெயரில் ஹார்ட்வேர் பையன் இதை 'பிரைவேட்' ஆக்கி வைத்திருந்ததால் அதுவரை இந்தக் கேள்வியே எழவில்லை.

"வைஃபை பேருக்குள்ள போ அக்கா. மேலேயே பப்ளிக் நெட்வொர்க், பிரைவேட் நெட்வொர்க்னு ரெண்டு இருக்கும். ரெண்டாவதத் தட்டு."

"தட்டிட்டேன்."

"இப்ப ஸ்கேன் போடு."

போனை மேசையில் வைத்துவிட்டு நடந்துபோனாள். மெஷின் காகிதத்தை உள்ளே இழுக்கும் சத்தம் எனக்கே கேட்டது. தூரத்திலிருந்து பக்கத்து சீட்டுப் பெண்ணின் குரல்: "அக்கா, வந்துருச்சு, ஃபோல்டர்ல விழுந்துருச்சு!"

புதன்கிழமை திண்டுக்கல் மில்லில் ஸ்டாக் பார்க்கப் போனாள். அங்கே விருந்தினருக்கான வைஃபை. சேர்ந்ததும் ஒரு பக்கம் திறந்து போன் நம்பரும் ஓடிபியும் கேட்கும், கொடுத்தால் நெட் கிடைக்கும். அவளுடைய போனில் அந்தப் பக்கம் வந்தது, லேப்டாப்பில் வரவில்லை. பிரவுசர் சுற்றிக்கொண்டே இருந்ததாம்.

தப்பு நான் சனிக்கிழமை விட்டுவைத்த 8.8.8.8. இந்த வகை வைஃபையில் ஓடிபி கொடுக்கும்வரை வெளியுலகுக்குக் கதவு திறக்காது. விண்டோஸ் புதிய இடத்தில் சேர்ந்ததும், மைக்ரோசாஃப்ட்டின் ஒரு சிறு பக்கத்தைக் கேட்டுப் பார்க்கும். எதிர்பார்த்த இரண்டு, மூன்று சொற்கள் வந்தால் நெட் இருக்கிறது. வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், இங்கே லாகின் வேண்டும் போல என்று புரிந்துகொண்டு அந்தப் பக்கத்தைத் திறக்கும். அந்தச் சிறு பக்கத்தின் பெயரை எண்ணாக மாற்றவே முதலில் டிஎன்எஸ் வேண்டும். மில் வைஃபை தன்னுடைய டிஎன்எஸ்ஸை மட்டும் அனுமதிக்கிறது, லேப்டாப்போ கூகுளிடம்தான் கேட்பேன் என்று நிற்கிறது. பதிலே வராததால் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடுவதற்கே வழி பிறக்கவில்லை. உலகமெங்கும் கிடைக்கும் டிஎன்எஸ் என்ற என் கணக்கு இந்த மாதிரி இடங்களுக்குப் பொருந்தாது என்பதை அன்று கற்றேன்.

ஹார்ட்வேர் ப்ராபர்ட்டீஸில் டிஎன்எஸ்ஸையும் ஆட்டோமேட்டிக் ஆக்கச் சொன்னேன். துண்டித்துச் சேர்த்த ஐந்தாறு விநாடியில் ஓடிபி பக்கம் வந்து நின்றது. அது பப்ளிக்காகவே இருக்கட்டும், மாற்றாதே என்று மட்டும் சொன்னேன். லாகின் பக்கம் அப்போதும் வராமல் அடம்பிடித்தால் நான் செய்வது ஒன்று உண்டு. ஐபிகான்ஃபிக்கில் கேட்வே எண்ணைப் பார்த்து, அதையே பிரவுசரில் அடித்துப் பார்ப்பேன். பல இடங்களில் லாகின் பக்கம் அங்கேயே இருக்கும்.

இப்போது கார்டின் மேல் எதுவும் எழுதப்படவில்லை. முதல் நாளே இப்படிச் செய்திருக்க வேண்டும். இந்த வேலையில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டது இதைத்தான்: ஓர் இடத்துக்கு உரியது அந்த இடத்தின் பெயருக்குக் கீழேதான் இருக்க வேண்டும். கார்டு வெறுமையாக, போகிற இடத்தில் கேட்டு வாங்கிக்கொள்வதாக இருக்கட்டும்.

ஆனால் ஆபீஸ் விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு பெயர்களுக்குக் கீழே ஒரே எண்ணைக் கையால் எழுதி வைத்திருக்கிறோம். ரவுட்டருக்கோ அது தெரியாது. அது தன் பாட்டுக்கு எண்களை விநியோகித்துக்கொண்டிருக்கிறது. அக்கா மில்லுக்குப் போன நாளில் ஆபீசுக்கு வந்த ஒரு போனுக்கு 45ஐக் கொடுத்துவிட்டால், அடுத்த நாள் இரண்டு பேர் ஒரே கதவில் நிற்பார்கள். இதுவரை நடக்கவில்லை, நடக்காது என்று உறுதியும் இல்லை. நிலையான எண் வேண்டும் என்றால் அதை எண் கொடுக்கிறவரிடமே சொல்லி வைப்பதுதான் முறை. ரவுட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்று இருப்பது அதற்குத்தான். இன்ன மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) கொண்டவர் வந்து கேட்டால் இன்ன எண்ணைக் கொடு, வேறு யாருக்கும் கொடுக்காதே என்று எழுதி வைக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை அக்கா ஆடிட்டர் சாரிடம் கேட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பிறர் ஆபீஸ் ரவுட்டரில் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது, அதுவும் கணக்கு ஆபீஸ். சார் முழுதாகக் கேட்டார். "இதனால யாருக்காவது நெட் நிக்குமா தம்பி?" என்று ஒரே கேள்விதான். ஒரு நிமிடம்கூட நிற்காது சார் என்றேன். தன் டைரியிலிருந்து ரவுட்டர் பாஸ்வேர்டைப் படித்துக் காட்டினார்.

பிரவுசரில் 192.168.1.1. உள்ளே போனதும் இணைந்திருப்பவர்கள் பட்டியல். லேப்டாப்பின் மேக் அட்ரஸை ஐபிகான்ஃபிக்கிலும் பார்த்து ஒப்பிட்டுக்கொண்டேன். 'பிசிக்கல் அட்ரஸ்' என்று இரண்டிரண்டாக ஆறு ஜோடி இருக்கும். இதில் ஒரு சோதனை அவசியம். போன்களிலும் இப்போது லேப்டாப்களிலும் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு வைஃபையிலும் வேறு வேறு மேக் காட்டி, ஆளைப் பின்தொடர முடியாமல் செய்வது. பொது இடத்தில் நல்லது. ரிசர்வேஷனுக்கு ஆகாது, அதிலும் 'சேஞ்ச் டெய்லி' போட்டிருந்தால் இன்று எழுதியது நாளை உதவாது. முதல் ஜோடியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது கம்பெனியில் பதித்த நிஜ மேக் அல்ல, பெரும்பாலும் இந்த வசதி உண்டாக்கியதுதான். அக்காவுடையதில் 8 இருந்தது. நிஜமானதுதான்.

அந்த மேக்குக்கு நேரே 192.168.1.45 எழுதி சேவ் செய்தேன். பிறகு லேப்டாப்பில் ஆபீஸின் இரண்டு பெயர்களிலும் ஐபியை ஆட்டோமேட்டிக் ஆக்கினேன். துண்டித்துச் சேர்த்ததும் 45. 5ஜி பெயருக்கு மாறினாலும் 45. வைஃபை கார்டு ஒன்றுதான், அதனால் எந்தப் பெயரில் நுழைந்தாலும் மேக் ஒன்றுதான். ஒரே ஒரு வரி இரண்டு பெயர்களுக்கும் போதும். ஸ்கேன் போட்டோம், விழுந்தது. அங்கே ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது சிஏ படிப்புக்கான பயிற்சி, செய்யும் மூன்று பிள்ளைகளின் லேப்டாப்பிலும் இதே கதைதான், ஹாஸ்டலில் நெட் வராமல் தவித்திருக்கிறார்கள். அவர்களுடையதையும் அன்றே மாற்றிக் கொடுத்தேன். ஒருவனுடையதில் ரேண்டம் ஆன் ஆகியிருந்தது. அதை ஆபீஸ் பெயர்களுக்கு மட்டும் ஆஃப் செய்துவிட்டு, மற்ற இடங்களில் இருக்கும்படி விட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அக்கா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். மகன் எட்டாவது படிக்கிறான், ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு அந்த லேப்டாப்பைத்தான் எடுக்கிறான், கண்ட பக்கமும் திறக்காமல் இருக்க வழி உண்டா? அதற்கும் இதே இடத்தில் வழி இருந்தது. வீட்டு வைஃபை பெயரைத் திறந்து, டிஎன்எஸ்ஸை மட்டும் மேனுவலாக்கி 1.1.1.3, 1.0.0.3 என்று போட்டேன். கிளவுட்ஃப்ளேர் 2020இல் குடும்பங்களுக்கென்று விட்டது. வைரஸ் பக்கங்களையும் பெரியவர்களுக்கான பக்கங்களையும் திறக்க விடாது. மொத்த வீட்டுக்கும் வேண்டும் என்றால் ரவுட்டரிலேயே போடலாம். அக்கா லேப்டாப் மட்டும் போதும் என்றாள். மில் வைஃபைக்கு இது போகாது, அதனால் ஓடிபி பக்கத்துக்குத் தொந்தரவு இல்லை.

தேனிக்கு மட்டும் இது போகும். மாமா இரண்டு வீட்டு வைஃபைக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்திருக்கிறார். போனைக் கொண்டுபோனால் தானாகச் சேரட்டும் என்று. விண்டோஸுக்கு அவை இரண்டும் ஒரே பெயருக்குக் கீழே வரும். இப்போதைக்கு இரண்டிலும் ஐபி ஆட்டோமேட்டிக் என்பதால் கெடுதல் எதுவும் இல்லை. பையன் தேனிக்குப் போனாலும் அதே காவல் இருக்கும் என்று அக்காவுக்குச் சந்தோஷம். வீட்டு வைஃபைக்கு என்றைக்காவது நிலையான எண் எழுத நேர்ந்தால் முதலில் பெயரைப் பிரித்துவிட்டுத்தான் எழுத வேண்டும், இல்லையென்றால் பழைய வம்பே இன்னொரு வழியாக வரும். அதையும் டைரியில் எழுதிவைத்தாள்.

அந்த டைரிப் பக்கத்தை இரண்டு நாள் கழித்து எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினாள். மேலே கோடு போட்டு, வீடு: பிரைவேட், டிஎன்எஸ் 1.1.1.3. ஆபீஸ் இரண்டு பெயர்: பிரைவேட், எண் ரவுட்டர் தரும். மில்: பப்ளிக், தொடாதே. போன்: மீட்டர்டு, நானே தட்டணும். கடைசி வரியில் பெரிய எழுத்தில், ஹார்ட்வேர் ப்ராபர்ட்டீஸ்: எதுவும் எழுதக் கூடாது.

போன வாரம் தேனியிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "இங்க 192.168.1.7 வந்திருக்குடா. ரிட்டர்ன் ஃபைல் பண்ணிட்டேன்."